முன் இடது ஸ்பிரிங் மாற்றப்பட்டது குறித்து

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிக் கிழித்த தாள் இரண்டு, 'ஐயா' என்று தொடங்கிக் கிழித்தது ஒன்று. இது நான்காவது, இதையும் கிழித்தால் வீட்டில் காகிதம் இல்லை. இங்கே நானும், உங்களை அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகிய என் மனைவியும் சுகம். அங்கே நீங்களும் என் அக்காவும் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஏனென்றால் ஆறு வருடமாக உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அக்காவும் என் மனைவியும் போனில் பேசிக்கொள்வது தெரியும். ஆனால் நான் அறைக்குள் கால் வைத்ததும் இருவரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். மழைக்காலத்திலும் வெயிலைப் பற்றித்தான்.

இது சமாதானக் கடிதம் அல்ல. நம் காரில் சில பாகங்கள் மாற்றப்பட்டதைத் தெரிவிக்கும் தகவல் மட்டுமே. 'நம் கார்' என்பது கை தவறி வந்துவிட்டது. என் கார் என்று படிக்கவும்.

வண்டி இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. வேகத்தடையில் ஏறினால் 'டக்' என்று ஒன்று, இறங்கினால் 'கடகட'வென்று மூன்று, திரும்பும்போது தனியாக ஒரு முனகல். யாரோ பின் சீட்டில் பாத்திரம் ஏற்றியிருப்பதுபோல என் மனைவி அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நான்கு மாதத்துக்கு முன்புதான் முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையெல்லாம் மாற்றினேன். மறுபடி அதே கச்சேரி. செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் புறப்பட்டபோது அவளும் கூடவே ஏறிக்கொண்டாள். போனமுறை நான் மெக்கானிக்கிடம் "லேசா முனகுது" என்று மட்டும் சொன்னேனாம், என்னை நம்பி எந்த நோயாளியையும் டாக்டரிடம் அனுப்ப முடியாதாம். அந்த மெக்கானிக்குக்குப் பட்டறையில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். எதைச் சொல்வதானாலும் "ஒரு சந்தேகம் சார்" என்றுதான் தொடங்குவார், முடிக்கும்போது சந்தேகம் நமக்கு வந்திருக்கும். வண்டியை உயரத் தூக்கி, அடியில் நின்று, கடப்பாரை மாதிரி ஒன்றை விட்டு நெம்பிப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம் சார். நாலு மாசம் முன்னாடி நான்தானே இந்த புஷ்ஷெல்லாம் மாத்தினேன்? இப்படிக் கிழிஞ்சு தொங்குதே, எங்க ஓட்டுறீங்க?"

"வீடு, விட்டா நூலகம். வேற எங்க போறேன்?"

"நூலகத்து ரோடு வழவழன்னு இருக்குமே சார். இது குழியில எறங்கி ஏறின வண்டி. மண்ணைப் பாருங்க, செக்கச்செவேல்னு ஒட்டியிருக்கு."

என் மனைவி குனிந்து மண்ணைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அண்ணன் வீட்டுத் தெருவுலதான் குழாய் போடுறேன்னு ரெண்டு வருஷமா செம்மண்ணாத் தோண்டிப் போட்டிருக்காங்க. வியாழக்கிழமையானா நூலகம் நூலகம்னு கிளம்புவீங்களே, இதுவரைக்கும் ஒரு புத்தகமாவது வீட்டுக்கு வந்திருக்கா?"

வரவில்லை. அந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்களைப் பார்க்க அல்ல. காலை பதினோரு மணிக்குத் தெருவில் நுழைவேன், இரண்டாவது கியரில் உங்கள் வீட்டைத் தாண்டுவேன், தையற்கடை அருகில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், அவ்வளவுதான். ஒருமுறை கொடியில் காய்ந்த உங்கள் சட்டையைப் பார்த்து, மூன்று கிலோ இளைத்திருக்கிறீர்கள் என்று கணித்துக் கவலைப்பட்டேன். முப்பது வருடம் கடைகளின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்திய இன்ஸ்பெக்டருக்கு எதைப் பார்த்தாலும் எடை போடத்தான் தோன்றும். இந்தப் பழக்கத்தால்தான் நான் கெட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்த சந்தேகம் வந்தது. "சார், இந்த இடது பக்கம் மட்டும் ரெண்டு விரல் தாழ்ந்திருக்கு. முன் சீட்டுல ரொம்ப காலமா கனமான ஆள் யாராவது உக்காருவாங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "எங்க அண்ணன்!" என்றாள், அதுவும் பெருமையாக.

அத்தான், அந்த எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் நின்றுகொண்டு எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நாம் நான்கு பேரும் போகாத ஊர் உண்டா? "டிரைவருக்குப் பேச்சுத்துணை வேணும்" என்று முன்னால் ஏறி உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாயைப் பிளந்து தூங்குவீர்கள். சாம்பல் தட்டு நிறைய உங்கள் வேர்க்கடலைத் தோல். விழித்திருக்கும் நேரத்தில் டேஷ்போர்டில் தாளம் போட்டுப் பாடுவீர்கள். தாளம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும், அக்கா பின்னாலிருந்து "வண்டியை நிறுத்துடா, நான் நடந்தே வரேன்" என்பாள். ஒரு லட்சம் கிலோமீட்டர் புரள்வதைப் பார்க்க வேண்டும் என்று கடைசி ஒரு கிலோமீட்டரை நத்தை வேகத்தில் ஓட்டினோமே, நான்கு தலையும் மீட்டர்மேல் கவிழ்ந்திருந்ததே, சரியாக அந்த நொடியில் நீங்கள் தும்மினீர்கள், எல்லாரும் உங்களைப் பார்த்தோம், திரும்பினால் எண் மாறிவிட்டிருந்தது. இரண்டாவது லட்சம் மாறியபோது நான் தனியாக இருந்தேன். முழுசாகப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை.

அதற்குள் மெக்கானிக் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கடைசிச் சுற்று உடைந்து துண்டாகக் கிடந்தது. "இது இப்ப உடைஞ்சதில்ல சார். உடைஞ்ச எடத்துல உள்ள வரைக்கும் துரு ஏறியிருக்கு பாருங்க, ஏழெட்டு வருஷமாவது இருக்கும். ஆள் கனமெல்லாம் காரணமே இல்ல. இதுமேல குழந்தைய உக்கார வச்சாலும் அடி இடிக்கும்."

அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் ரயில்வே கேட் அருகே அந்த மேட்டில் வண்டியின் அடி தரையில் உரசி நின்றபோது நான் என்ன சொன்னேன்? "அத்தான், ஒரு குவிண்டால் இறங்கினா வண்டி தானா ஏறிடும்" என்றேன். "குவிண்டாலா?" என்று கேட்டீர்கள். அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "சரியாச் சொல்லணும்னா நூத்தி நாலு" என்றேன். பின்னால் அக்கா சிரித்துவிட்டாள். நீங்கள் இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் நீங்கள் உட்காரவே இல்லை. பழுது உங்கள் எடையில் இல்லை அத்தான், என் வண்டியில். தராசைச் சரிபார்க்காமல் சரக்கைக் குறை சொல்லாதே என்று எத்தனை வியாபாரிகளைச் சந்தையில் நிற்கவைத்துத் திட்டியிருப்பேன்! என்னைத் திட்ட ஒரு இன்ஸ்பெக்டர் இல்லாமல் போய்விட்டார்.

புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், புது புஷ் எல்லாம் போட்டாகிவிட்டது. சத்தமே இல்லை, கம்பளத்தில் போவதுபோலப் போகிறது. வீட்டு வாசலில் நிறுத்தியதும், "வண்டி நேரா நிக்குதுங்க" என்றாள் மனைவி. நேராகத்தான் நின்றது. எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆறு வருடமும் தனியாக ஓட்டும்போது இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும், நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். இப்போது அதுவும் போய்விட்டது. இதை எழுதும்போது கண் கலங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

புது புஷ்களைச் செம்மண் குழியில் விட்டால் தான் பொறுப்பில்லை என்று 'சந்தேகம்' சந்தேகமே இல்லாமல் சொல்லிவிட்டதால், இனி உங்கள் தெருப் பக்கம் வரமாட்டேன். பதில் எழுதவும் வேண்டாம். நூற்று நான்கு என்ற அளவு இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. மன்னிப்பு என்ற சொல் இந்தக் கடிதத்தில் கோரிக்கையாக எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கவும். வந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அது உங்கள் பெருந்தன்மை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும், தனித்தனியாக அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி

பின்குறிப்பு (வேறு பேனாவில்): தபால் போய்ச் சேர நான்கு நாள் ஆகும், அதற்குள் மனசு மாறிவிடும் என்பதால், வியாழக்கிழமையான இன்று இதை உங்கள் வாசல் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று வந்தேன். உறை பாதிதான் உள்ளே போயிருந்தது, கதவு திறந்துகொண்டது. "அட, இங்கதான் நிக்கிறியா மாப்ளே! பதினோரு மணிக்குக் கடகடன்னு போவியே, மணி பதினொன்றரை ஆகியும் சத்தத்தைக் காணோமே, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சோன்னு பதறிப்போய் உன் வீட்டுக்குத்தான்டா கிளம்பிட்டிருக்கேன்" என்றீர்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தீர்கள். வாசலில் நின்றபடியே கடிதம் முழுவதையும் படித்தீர்கள். எடை வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, "நூத்தி ரெண்டுடா" என்று திருத்தினீர்கள். உள்ளே அக்கா மறுபடியும் சிரித்தாள். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தப்பு இருந்தால் திருத்தாமல் விடக்கூடாது என்பதற்காக, உங்கள் மேசையில் உட்கார்ந்து உங்கள் பேனாவால் எழுதுகிறேன்: வரமாட்டேன் என்று மேலே எழுதியது செல்லாது, பதில் வேண்டாம் என்றதும் செல்லாது, என் கார் என்றதும் செல்லாது. இன்னும் திருத்த நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு விடாமல் ஹாரன் அடிக்கிறீர்கள்.