விளக்கெண்ணெய் கேட்ட எஞ்சின்

நான் ஆசிரியையாகப் போன தேயிலைத் தோட்டத்தில், முதல் ஆறு மாதங்களில் என் வீட்டில் வந்து தங்கிய ஒரே விருந்தாளி ஒரு பந்தய மோட்டார் சைக்கிளின் எஞ்சின். அதுவும் முழுதாக வரவில்லை. துண்டு துண்டாக, மூன்று தேயிலைப் பெட்டிகளில் வந்தது. (அதற்காக வாசலில் நிற்க வைக்க முடியுமா?)

இலங்கை மலையகம், எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்து, பரீட்சையும் பாஸாகி, டீச்சர் வேலையும் வாங்கியவள் நான். அந்தப் பெருமையில் மூக்கு தரையைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கிடைத்ததோ ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய், அதன்பின் மலையேறி நடக்க வேண்டிய ஒரு தோட்டத்தில், ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடம். அதை ஒட்டி ஓர் அறையும் குசினியும். அதுதான் என் வீடு.

லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது என் வாசல் வரை சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். வாசலில் பேச்சு நின்றுவிடும். தாண்டியதும் மறுபடி சிரிப்பு கேட்கும். மலைநீர் கொட்டும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "டீச்சர் புடிச்சிக்கட்டும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். சரி, உத்தியோகத்தர் வீடுகள் இருக்கின்றனவே என்று ஒருநாள் அங்கே போனேன். "அப்பா எங்க வேல?" என்றார் கிளாக்கரின் மனைவி. "தோட்டத்துல தேயிலை கவ்வாத்து வெட்டுறாங்க" என்றேன். தேத்தண்ணீர் வந்தது. மறுபடி வரச்சொல்லி அழைப்பு மட்டும் வரவில்லை.

என் பங்கும் உண்டு. கஞ்சி போட்ட சேலை, மழை இல்லாவிட்டாலும் குடை, வாயைத் திறந்தால் பாடப்புத்தகம். "உங்கள் மகள் நேற்றுப் பாடசாலைக்குச் சமூகமளிக்கவில்லை" என்று வரட்டி தட்டிக்கொண்டிருந்த ஒரு தாயிடம் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார். நாலு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால், மறுநாள் காலை மணி அடிக்கும்வரை என் குரலை நானே கேட்க மாட்டேன்.

அப்போதுதான் என் கூடப்பிறந்த முத்தையா அண்ணன் எஞ்சினைக் கொண்டுவந்தது. அண்ணன் ஹட்டனில் ஒரு கராஜில் வேலை. தோட்ட நிர்வாகத்தில் இருந்துவிட்டுத் தன் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர், தன் பந்தய மோட்டார் சைக்கிளை எஞ்சின் கழற்றிய நிலையில் அண்ணனிடமே விட்டுப் போயிருந்தார். ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. கராஜ் முதலாளி இடம் தரவில்லை. எங்கள் லயத்துக் காம்பிரா என்ற ஒற்றை அறையில் ஏழு பேர் கால் நீட்டவே இடம் இல்லை.

"பொஸ்தகம் இங்கிலீசுல இருக்கு தங்கச்சி. நீ படிச்சி மாட்டு. இறுக்குறத நான் ஞாயித்துக்கெழம வந்து இறுக்குறேன்."

"எஞ்சினப் பத்தி எனக்கு என்னாண்ணே தெரியும்?"

"இங்கிலீசப் பத்தி எனக்கு என்னா தெரியும்? ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு."

எஞ்சினைக் கட்டிலில் வெள்ளைச் சேலை விரித்துப் படுக்க வைத்தேன். நான் தரையில் பாய் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அதன் முன்னால் உட்காருவேன். முதலில் இடாப்புக் கூப்பிடுவேன். "பிஸ்டன்?" "வந்திருக்கேன் டீச்சர்." "இன்லெட் வால்வு?" "வந்திருக்கேன் டீச்சர்." (இரண்டு குரலும் என்னுடையதுதான். வால்வுக்குக் கொஞ்சம் கீச்சுக்குரல்.) பால்மா டின்னை வெட்டிப் பட்டையாக்கி, பிஸ்டன் வளையங்களைச் சுற்றி அமுக்கி, சிலிண்டருக்குள் இறக்கிய அன்று, அது வழுக்கிக்கொண்டு உள்ளே போன அழகைச் சொல்ல ஆளைத் தேடினேன். வெளியே பனிதான் நின்றது.

கடைசியாக எண்ணெய். இந்த எஞ்சினுக்குச் சாதாரண எண்ணெய் ஆகாது, விளக்கெண்ணெய் வகைதான் வேண்டும், இரண்டையும் கலக்கவே கூடாது என்று புத்தகம் அடித்துச் சொன்னது. ஹட்டன் கடைகளில் அண்ணன் தேடியும் கிடைக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்குமே என்று புறப்பட்டேன்.

அங்கே மருந்து கொடுப்பவரை எல்லோரும் டொக்டர் ஐயா என்பார்கள். "விளக்கெண்ணெய் வேண்டும்" என்றேன்.

"எவ்வளவு?"

"இரண்டு போத்தல்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குமரிப்பெண், கட்டிலில் எஞ்சின் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவரே முகம் மலர்ந்தார். "ஓ, லீவுக்கு முந்தி புள்ளைகளுக்குப் பேதிக்குக் குடுக்கவா? நல்ல பொறுப்பு. இதுக்கு முந்தி இருந்த மாஸ்டருக்கு இந்த அக்கறை இல்ல."

பாராட்டு என்றால் எனக்கு உடம்பு லேசாகிவிடும். "யெஸ்" என்றேன், இங்கிலீசில்.

எண்ணெயைக் கையில் தந்து அனுப்புவார் என்று நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போத்தல்களோடும் கரண்டியோடும் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் வாயை இறுக்கிக்கொண்டார்கள். "டீச்சர் மொதல்ல குடிச்சிக் காட்டுவாங்க, பாருங்க" என்றார். பிள்ளைகள் பார்த்தார்கள். நானும் குடித்தேன். கரண்டி பெரியது.

பெரிய கதையைச் சின்னதாகச் சொல்கிறேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. டீச்சரும் இல்லை. கொழுந்து பொங்கி நிற்கும் மாதத்தில், பிள்ளைகளைக் கழுவிக்கொண்டிருந்த தாய்மார்கள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போய் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பின்னேரம் கூடையை இறக்கிய கையோடு பத்துப் பதினைந்து பேர் என் வாசலுக்கு வந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, வளைந்து நின்றேன்.

"ஏன் டீச்சர், பேதிக்குக் குடுக்கறதுன்னா சனிக்கெழம சாயங்காலம் குடுக்கறதில்லையா? வேல நாளுல குடுத்தா கழுவுறது யாரு, தொரையா?" முன்னால் நின்றவர் அன்று வரட்டி தட்டிய பெண்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வயிறு முந்திக்கொண்டது. அவர்களை விலக்கிக்கொண்டு கக்கூசுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"சேல விரிச்சிப் படுத்திருக்கே, இது என்னா?"

"எஞ்சின்." அதற்குமேல் பாடப்புத்தகத் தமிழ் வரவில்லை. "எங்க அண்ணனுக்கு. ரேஸுக்கு. எண்ண இதுக்குத்தாங்க கேட்டேன். டொக்டர் ஐயா புள்ளைகளுக்குன்னு நெனச்சிட்டாரு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "இதுக்கும் மலச்சிக்கலா டீச்சர்?"

அவர்கள் சிரித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். (சிரிப்பதும் அந்த நிலையில் ஆபத்துதான்.) வரட்டி தட்டிய பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தார்.

"ஒத்தையில இப்புடிக் கெடக்குறீங்களே, ஒரு சத்தம் குடுத்தா என்னா?"

யார் பெயரைச் சொல்லிச் சத்தம் கொடுப்பது? கட்டிலில் கிடந்த ஒவ்வொரு ஸ்குரூவின் பெயரும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நின்ற ஒருவரின் பெயரும் தெரியாது. கஞ்சியை வாங்கிக்கொண்டு கேட்டேன். காளியம்மா என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

பிள்ளைகள் குடித்தது போக மிச்சமிருந்த எண்ணெயை டொக்டர் ஐயா விட்டுப் போயிருந்தார். அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஹட்டனிலிருந்து கொண்டுவந்த வண்டியில் எஞ்சினைப் பூட்டி, பெண்கள் பின்னாலிருந்து தள்ள, அது உறுமிக் கிளம்பியது. வெந்த விளக்கெண்ணெய்ப் புகை லயம் வரைக்கும் பரவியது. அந்த வாசனை பட்டதும் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் தேயிலைக்குள் சிதறி ஓடி ஒளிந்தார்கள். நுவரெலியாப் பந்தயத்தில் இரண்டாவது வளைவில் சங்கிலி அறுந்து, மிச்ச மலையை அண்ணன் தள்ளிக்கொண்டுதான் ஏறியது. சங்கிலி எஞ்சினைச் சேர்ந்ததல்ல என்று இன்றும் வாதாடுவேன்.

இப்போது நான் ஹட்டனில் படிப்பிக்கிறேன். தீபாவளிக்கு அண்ணன் வரும், காளியம்மாக்காவும் மகளோடு வருவார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் இந்தக் கதையை ஆரம்பிக்கும். என் முப்பது பிள்ளைகள் அண்ணன் வாயில் முந்நூறாகிவிட்டார்கள். போன வருஷம் சொன்னபோது துரைக்கும் நான் ஒரு கரண்டி ஊற்றிவிட்டேனாம். "அது மெய்தான், நான் பாத்தேன்" என்று காளியம்மாக்கா சாட்சி சொல்கிறார். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது திருத்துவதில்லை. கதை நீள நீள, யாரும் வீட்டுக்குப் போக எழுந்திருக்க மாட்டார்கள்.