குஞ்சிதபாதத்தின் மூக்கடைப்பு

ஒரு காட்டில், மூக்கு நீண்ட அளவுக்கு மூளை நீளாத யானையார் ஒருவர் இருந்தார். பெயர் குஞ்சிதபாதம். மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளாகப் பார்த்து ஐயாவுக்குத் தும்பிக்கை முழுக்க அடைப்பு. "மாப்பிள்ளை" என்றால் "பாப்பிள்ளை" என்று வந்தது.

"கரடி டாக்டர்கிட்ட போங்க. உங்களுக்குப் பிரஷர் வேற இருக்கு" என்றாள் மனைவி மரகதவல்லி.

"மெதுவாப் பேசுடி! வியாதிக் குடும்பம்னு தெரிஞ்சா நம்ம பொண்ணை எவன் கட்டுவான்?"

கரடியிடம் போகாமல் அவர் மருந்துக்கடைக்குக் கிளம்ப, கேசரி அடுப்பை அணைத்துவிட்டு அவளும் கூடவே போனாள். விதியைப் பாருங்கள், வரிசையில் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா. போட்டோவில் பார்த்த அதே காது.

கடைக்காரக் குரங்கு மாத்திரையை எடுத்தது. "இது பிரஷரை ஏத்தும் சார். உங்களுக்குப் பிரஷர் உண்டா?"

குஞ்சிதபாதம் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க பரம்பரையிலேயே கிடையாது!"

மரகதவல்லி வாயைத் திறந்தாள். பின்னால் சம்பந்தியம்மாள் காதை விரித்தாள். மரகதவல்லி வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு போதும் சார். சளி சிரப்பும் சேர்த்துக் குடிச்சிடாதீங்க, அதுலயும் இதே மருந்துதான்."

ஆண்பிள்ளைக்கு யார் சொல்லிப் புரிந்திருக்கிறது? வழியில் ஒன்று, வீட்டில் இன்னொன்று, அதற்கு மேல் பரணில் கிடந்த சிரப்பில் பாதி.

பெண் பார்க்க எல்லோரும் உட்கார்ந்தபோது மூக்கு திறந்துவிட்டது. "வாங்க மாப்பிள்ளை!" என்றார் கணீரென்று. அடுத்த நொடி மார்பு மத்தளம் கொட்ட, கண் இருட்ட, கேசரித் தாம்பாளத்தின் மேலேயே சாய்ந்தார்.

சம்பந்தமாவது, மண்ணாவது! "இவருக்குப் பிரஷர் இருக்கு! வருஷக்கணக்கா மாத்திரை போடறார்! கரடியைக் கூப்பிடுங்களேன்!" என்று அலறினாள் மரகதவல்லி.

சம்பந்தியம்மாள் எழுந்தாள். கைப்பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்து அவர் வாலில் சுற்றினாள். "ஐயோ, எகிறிக் கிடக்கு. தூக்குங்க!"

"உங்ககிட்ட ஏது இது?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் பிரஷர்தான். சொன்னா பொண்ணு குடுப்பீங்களா?"

கரடியின் ஆஸ்பத்திரியில் குஞ்சிதபாதம் பிழைத்தார். கட்டிலருகிலேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். கண் திறந்ததும் ஐயா சொன்ன முதல் வார்த்தை: "எங்க பரம்பரையில சர்க்கரையும் கிடையாது."

மரகதவல்லி அவருடைய இன்சுலின் பெட்டியைக் காலால் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

நீதி: மூக்கடைப்பு மாத்திரை கேட்கும்போது பிரஷரை மறைக்காதே. மறைத்தே தீருவேன் என்றால், பிரஷர் கருவி வைத்திருக்கும் வீட்டில் சம்பந்தம் பண்ணு.