செல்லிப்பட்டில் காலேஜ் விசாரித்த கதை

சந்தேகம் என் கூடவே பிறந்தது. பால்காரர் என் கண்ணெதிரே கறந்து கொடுத்தாலும், செம்பில் முன்பே தண்ணீர் இருந்ததா என்று கேட்பேன். (பாவம், இன்னும் எங்கள் வீட்டுக்குத்தான் பால் ஊற்றுகிறார்.)

பிளஸ் டூ முடித்தபோது இரண்டு சின்னத் தனியார் காலேஜ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பாகூர்ப் பக்கம் இருந்ததில் கட்டணம் குறைவு. "படிச்சவங்களுக்கு வேலை கிடைக்குதா சார்?" என்றேன். "பாதிப் பேருக்குக் கிடைக்குதும்மா" என்றார் முதல்வர். அவரே பாதி என்கிறார் என்றால் கால்வாசிகூடத் தேறாது என்று முடிவு கட்டினேன். வில்லியனூர்ப் பக்கத்துக் காலேஜில் கட்டணம் இரண்டு மடங்கு. ஆனால் எல்லாருக்கும் வேலை என்று, பேரும் ஊருமாகப் பட்டியலே கொடுத்தார்கள். அங்கே சேர்வதென்றால் அம்மாவின் ஒரே செயின் பாங்குக்குப் போக வேண்டும்.

பட்டியலையும் நான் நம்பவில்லை. அதில் சென்னையில் வேலை என்று செல்லிப்பட்டுப் பையன் ஒருவன் இருந்தான். நேரிலேயே விசாரிக்க, நெட்டப்பாக்கத்திலிருந்து அப்பாவின் வண்டியில் கிளம்பினோம்.

"காலேஜ் பேச்சே எடுக்காதப்பா. சொல்லிக் குடுத்து வெச்சிருப்பாங்க. பையனப் பத்தி மட்டும் கேளு" என்று வழியெல்லாம் பாடம் நடத்தினேன்.

செல்லிப்பட்டு மளிகைக் கடையில் அப்பா ஆரம்பித்தார். "இந்தப் பையன் எப்டிங்க? வேலையெல்லாம் நெசந்தானா? சம்பளம் இன்னா வரும்?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "தங்கமான பையங்க. மெட்ராஸ்ல பெரிய கம்பெனி. கை நெறைய சம்பளம். நீங்க எந்த ஊரு?"

ஊர், பேர் எல்லாம் சொன்ன அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "குடி கிடி உண்டா?" என்றார். (காலேஜுக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.)

"சேச்சே, சிகரெட்கூட கெடையாது."

இன்னும் மூன்று வீடுகளில் கேட்டோம். எல்லாரும் ஒரே மாதிரி புகழ்ந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை செயினை அடகு வைத்து வில்லியனூரில் பணம் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு ஐந்து பேர் இறங்கினார்கள். அந்தப் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தம் பண்ற எடத்துல மறைக்கக் கூடாதுங்க. மெட்ராஸ் வேலை மூணே மாசந்தான். இப்போ ஊர்லயே மாட்டுத் தீவனக் கடைல நிக்கிறான். அவங்கூட படிச்ச பசங்களும் அப்டித்தான் அலையுதுங்க."

அப்பா மென்று விழுங்கினார். "நாங்க வந்தது காலேஜப் பத்தி விசாரிக்கங்க."

அந்த அம்மா எழுந்துவிட்டார். "காலேஜா? அப்போ என் புள்ள குடிப்பானான்னு ஏங்க கேட்டீங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தது. (அதைப் படிக்க மட்டும் மறந்துவிட்டேன்.) மூன்று வருஷம் அங்கேயே படித்தேன். அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்பாதான் விடுவதாயில்லை. போன மாதம் வாஷிங் மெஷின் வாங்குவதற்காகக் கடை கடையாகப் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து போய்க் கூடத்தில் பாயை விரித்தார்.

"நாயித்துக்கெழம எத்தினி பேரு வராங்கன்னு கேட்டுக்கம்மா."