ஏரியில் எனக்குக் கிடைத்த ஓய்வு

ஞாயிற்றுக்கிழமையை மீட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன். ஆறு நாள் மேனேஜர் என் உயிரை வாங்குகிறார். ஏழாம் நாள் என் மனைவி. பரண் ஒழி, கர்ட்டன் மாட்டு, கட்டிலை நகர்த்து; பிடிக்கவில்லை, பழையபடி நகர்த்து. ஒரு மனுஷன் தனியாக, சும்மா உட்கார இந்த உலகத்தில் இடமே இல்லை. ஆகவே தண்ணீருக்குப் போவது என்று முடிவு செய்து, ஒரு பாய்மரப் படகு வாங்கினேன்.

கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சுக்கூட விட முடியாது. டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டி, ஏரிக்கு இழுத்துக்கொண்டு போகலாம்.

மனைவி படகைச் சுற்றி வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நானும் வரேங்க."

அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா? காத்து, தண்ணி, ஆபத்து..."

"ஆபத்தா? அப்போ உங்களைத் தனியா விடவே மாட்டேன்."

சரி, வரட்டும். முதல் நாளே பயமுறுத்தி, படகுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதபடி செய்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

நடு ஏரியில் பாய்க் கயிற்றை இறுக்கி இழுத்தேன். படகு சாய்ந்தது. "ஐயோ!" என்று ஓர் அலறல். அலறியது நான்.

"இன்னும் கொஞ்சம் சாயுமாங்க?" என்றாள் ஆசையாக.

பதற்றத்தில் சுக்கான் பிடியைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டேன். பாயின் அடியிலுள்ள கம்பு வீசிவந்து மண்டையில் ஒரு போடு போட்டது. தண்ணீரில் விழுந்தவன் லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் மிதந்தேன்.

அவள் கயிற்றைத் தளர்த்தினாள், படகு நிமிர்ந்தது. ஒரு வட்டமடித்து, அலுங்காமல் என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதெல்லாம் எப்படித் தெரியும் உனக்கு?"

"என்ன பிரமாதம்? வலப்பக்கம் போகணும்னா பிடியை இடப்பக்கம் தள்ளணும். இத்தனை வருஷமா உங்களை எப்படி ஓட்டுறேனாம்?"

அடுத்த ஞாயிறு காலையில் மச்சினி வந்து இறங்கினாள், தலையில் தொப்பியோடு. எனக்கு எங்கேயோ இடித்தது. ஏரிக்கரையில் படகைத் தண்ணீரில் இறக்கியதும் விஷயம் வெளியே வந்தது.

"ஏங்க, ரெண்டு பேருக்குத்தானே இடம்? நாங்க போயிட்டு வரோம். நீங்க கரையிலேயே இருங்க."

அடடா! தனிமை, நிழல், ஏரிக்காற்று. சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"தனியாவா? நான் என்னம்மா பண்ணுவேன்?"

"போரடிக்காதுங்க. வீட்ல இருக்கிற ஃபேன் ரெக்கை அத்தனையும் கழட்டி டிக்கில போட்டிருக்கேன். தண்ணிதான் பக்கத்துலயே இருக்கே!"