கொட்டாஞ்சேனையில் ஏறியவரும் வெள்ளவத்தையில் இறங்கியவரும்

ஒரு மனிதரை மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, வேறொரு மனிதரைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொழும்பில் என்னைவிட மோசமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மதிலை இடித்தவர்கள் உண்டு, மாட்டை இடித்தவர்கள் உண்டு. என் நண்பன் ஒருவன் நின்றுகொண்டிருந்த ரோட்டு ரோலரையே இடித்தான். ஆனால் ஆளை மாற்றி இறக்கியவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். சங்கம் ஒன்று தொடங்கலாம்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வெள்ளவத்தையில் அப்பா அம்மாவுடன் இருந்தேன். கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. அதே கந்தோரில் இரண்டு மேசை தள்ளி ஸ்டெலா. அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். நான் விபூதி பூசாமல் வாசல் தாண்டினால் அம்மா திருப்பிக் கூப்பிடுகிற வீட்டுப் பையன். இரண்டு வருடக் காதலை அம்மாவிடம் சொல்லி, உண்ணாவிரதம் இருந்து (வீட்டில் மட்டும்தான், வெளியில் கொத்துரொட்டி) ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன். மிச்சம் இருந்தவர் ஸ்டெலாவின் அப்பா.

அந்தோனிப்பிள்ளை அங்கிள் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கப்பல்கள் இவ்வளவு சத்தம் போடும்போது நானும் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் வாயே திறக்கமாட்டார். ஸ்டெலா எங்கள் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாராம். ஒரு கிழமை கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வசனம் சொன்னாராம்:

“பொடியன்ட வீட்டப் போய்ப் பாத்திட்டுச் சொல்றன்.”

ஸ்டெலாவும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். “அப்பா வேணாம் எண்டு சொன்னா வேணாம்தான். நான் அவர மீறி வரமாட்டன்.” ஆக, அந்த ஒரு வருகையில்தான் என் ஆயுள் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சில் பூசை முடிந்த பிறகு வருவதாக ஏற்பாடு. அவரை நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

“நீங்க சும்மா இருங்க. அப்பா ஓட்டோ பிடிச்சு வருவார்” என்றாள் ஸ்டெலா.

“மாமாவை ஓட்டோவில வர விடுறதோ? என்ர மரியாதை என்னாகிறது?”

“அவர் இன்னும் உங்களுக்கு மாமா ஆகல்ல. அத நினைவில வச்சுக்கொண்டு ஓட்டுங்க.”

உண்மைக் காரணம் மரியாதை இல்லை. மூன்று கிழமைக்கு முன்தான் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வாங்கியிருந்தேன். அதில் என்னைப் பார்த்தால் எந்த மாமனாரும் மயங்கிவிடுவார் என்பது என் எண்ணம். (கண்ணாடியில் பார்த்து நானே மயங்கியிருந்தேன்.) போதாததற்கு, பத்து வருடமாக ஓட்டுகிறேன் என்று அங்கிளிடம் சொல்லிவிடும்படி ஸ்டெலாவைக் கெஞ்சி வைத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போனபோது அங்கிள் வெள்ளைச் சட்டையுடன் வாசலில் தயாராக நின்றார். முகம் முழுவதையும் மூடும் கறுப்பு ஹெல்மெட் ஒன்றை நண்பனிடம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். என்னுடையதும் அதே மாதிரி. இரண்டு பேரும் போட்டுக்கொண்டதும் யார் மாமா, யார் மருமகன் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. பேசாத மனிதராயிற்றே என்று, முன்யோசனையாக ஒரு சட்டமும் போட்டேன்.

“அங்கிள், ஒருக்காத் தோளில தட்டினா ‘போ’. ரெண்டு தரம் தட்டினா ‘மெதுவா’. விடாமத் தட்டினா ‘நிப்பாட்டு’. சரியா?”

சரி என்பதற்காக அவர் ஒருமுறை தட்டினார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்; அவர் எப்படியோ தொற்றிக்கொண்டார். அவருடைய ஒரு கால் இன்னும் தரையில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, சாரதிப் பத்திரம் கொடுத்த அதிகாரி பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். பச்சை விளக்குக்கும் நின்று யோசித்துவிட்டே போனேன். காலிமுகத்திடலில் ஒரு காகத்துக்கு வழி விட்டேன். இதையெல்லாம் அங்கிள் கவனிக்கிறாரா என்று மட்டும் தெரியவில்லை.

கொள்ளுப்பிட்டியில் சோதனைச்சாவடி. அந்தப் போர்க்காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார்சைக்கிளில் பின்னால் இருப்பவர் இறங்கி, தகரத் தடுப்புக்கு ஒரு பக்கமாக நடந்து போய் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். ஓட்டுகிறவர் வண்டியை உருட்டிக்கொண்டு மறுபக்கமாகப் போய்த் தன் அட்டையைக் காட்டவேண்டும். சாவடி முடிகிற இடத்தில் இருவரும் சந்தித்து ஏறிக்கொள்ளவேண்டும். இது எங்களுக்கு எவ்வளவு பழகிவிட்டதென்றால், ஏறுகிறவர் யாரென்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீட் அமுங்கினால் ஆள் வந்தாயிற்று.

அன்று அங்கிளின் வரிசை நீளமாக இருந்தது. என்னை, என்ன காரணமோ, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் போய் மறுமுனையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எஞ்சினை ஓட விட்டபடி, அங்கிளிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சீட் அமுங்கியது. தோளில் ஒரு தட்டு.

போனேன்.

மோட்டார்சைக்கிளில் ஒரு பெரிய வசதி, பேசுகிறவருடைய முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. கடற்காற்றையும் எஞ்சின் சத்தத்தையும் மீறி, முன்னால் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு கத்தினேன்.

“அங்கிள்! நேர நிண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை! ஸ்டெலாவை நான் கண் கலங்காமப் பாப்பன்!”

பதில் இல்லை. எப்போதும் இல்லைதானே. தொடர்ந்தேன்.

“அவவை நான் சைவ சமயத்துக்கு மாத்தமாட்டன்! ஞாயிறு ஞாயிறு நானே சேர்ச்சில கொண்டுபோய் விடுவன்!”

தோளில் ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. பிறகு தட தடவென்று பல. விடாமல் தட்டினால் ‘நிப்பாட்டு’ என்று சட்டம் போட்டவன் நான்தான். ஆனால் உணர்ச்சிப் பெருக்கில் இருக்கிற ஒருவனுக்கு அது மாமனார் முதுகில் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்தேன். பம்பலப்பிட்டியில் மிச்சப் பாவத்தையும் சொல்லிவிட்டேன்.

“பத்து வருசமா ஓடுறன் எண்டது பொய் அங்கிள்! மூண்டு கிழமைதான்! பிரேக்கும் அவ்வளவு சரியில்லை!”

இரண்டு கைகள் என் வயிற்றை இறுகக் கட்டிப்பிடித்தன. அங்கிள் அணைத்துக்கொண்டார்! நான் அழுதேவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது. கண்ணாடியில் புகார் படிந்து வழியே தெரியவில்லை. எப்படியாவது வீடு போய்ச் சேர்வோம் என்று வேகத்தைக் கூட்டினேன். அணைப்பு இன்னும் இறுகியது.

எங்கள் வீட்டு ஒழுங்கையில் அப்பா புது வேட்டியும் விபூதியுமாக நின்றார். பின்னால் அம்மா பட்டுச் சேலையில். வண்டி நின்றதும் அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார்.

“வாங்கோ சம்பந்தி, வாங்கோ! வழியில கரைச்சல் ஒண்டுமில்லையே?”

ஹெல்மெட் கழன்றது. உள்ளே இருந்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு முகம். மீசை நடுங்கிக்கொண்டிருந்தது.

“அய்யே, சல்லி ஓன நங் கன்ன” என்றது அந்த முகம், சிங்களத்தில். (அண்ணே, காசு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.)

அம்மா என் காதருகில் வந்தார். “ஏனடா, பெட்டையின்ர தகப்பன் இவ்வளவு இளமையோ?”

அப்பா சிங்களம் அறியாதவர். கூப்பிய கையை இறக்காமல் “உள்ளுக்கு வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்று கிட்டக் கிட்டப் போனார். அந்த மனிதர் மதிலோடு ஒட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போனார்.

என் உடைந்த சிங்களத்தில் விசாரித்தேன். பெயர் சுனில். நண்பனின் சிவப்பு மோட்டார்சைக்கிளில் ரத்மலானைக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாராம். சாவடியில் இறங்கி நடந்தாராம். மறுமுனையில் சிவப்பு வண்டி, கறுப்பு ஹெல்மெட். ஏறித் தோளில் தட்டினாராம். கொஞ்ச தூரத்தில் முன்னால் இருந்தவன் தமிழில் கத்தத் தொடங்கியதும்தான் இது நண்பன் இல்லை என்று தெரிந்ததாம். எவ்வளவோ தட்டியும் அவன் நிறுத்தவில்லையாம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அங்கிள்! அந்த நாளில் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு தமிழன் காரணமில்லாமல் ஐந்து நிமிடம் நின்றால், அதுவே அவனைப் பிடிக்கக் காரணம். அங்கிளோ அரை மணித்தியாலமாக நிற்கிறார். கையில் ஒரு ஹெல்மெட். மோட்டார்சைக்கிள் இல்லை. கேட்டால் வாய் திறக்கமாட்டார்.

“ஏறுங்கோ, உடன போவம்!” என்றேன் சுனிலிடம்.

சுனில் மறுத்துவிட்டார். இந்த மனிதனுக்குப் பின்னால் இனிப் பிணமாகக்கூட ஏறமாட்டேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். வாசல் வரை வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதென்று அம்மா ஓடிப்போய் இரண்டு வடை கொண்டுவந்து கையில் திணித்தார். சுனில் ஒன்றைக் கடித்தபடி ஓட்டினார். என் வண்டியில், பின்சீட்டில், நான்.

சாவடியில் சிறிய கூட்டம். அங்கிள் ஒரு வாங்குப் பலகையில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, பூசணிக்காய் விற்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். சுனிலின் நண்பன் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ராணுவ சார்ஜன் எழுதிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். சோதனை முடிந்து வந்த நண்பன், சுனிலைக் காணாமல், ஆளை யாரோ கடத்திவிட்டார்கள் என்று கத்தியிருக்கிறான். சிவப்பு வண்டி ஒன்றில் போனதை ஒரு சிப்பாய் கண்டிருக்கிறார். அந்த வண்டியில் வந்தவர் அங்கிள் என்பதும் தெரிந்துவிட்டது. சார்ஜன் புத்தகத்தோடு வந்திருக்கிறார்: அவனுடைய பெயர் என்ன, அவன் உமக்கு என்ன முறை? ‘தெரிந்த பையன்’ என்றால் போதாது. எப்படித் தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும், எந்த ஊர், எதற்காக வந்தான் என்று கேள்வி கிளை விடும். அங்கிளை உள்ளே கொண்டுபோய் விடியும்வரை கேட்பார்கள்.

சுனில் வண்டியை நிறுத்தியதும், பின்சீட்டில் இருந்து நான் குதித்து இறங்கினேன். சார்ஜன் என்னைப் பேனையால் சுட்டிக்காட்டி அங்கிளிடம் கேட்டார். “இவர்தானோ நீங்கள் சொன்ன மருமகன்?”

அங்கிள் என்னைப் பார்த்தார். என் வண்டியின் முன்சீட்டில் வடை தின்றுகொண்டிருந்த சுனிலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“ஓவ்” என்றார் சிங்களத்தில். ஆம் என்று அர்த்தம்.

புத்தகத்தில் முன்பே எழுதியிருந்ததைச் சார்ஜன் சரி பார்த்துக் கோடு போட்டார். அங்கிளின் அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது என்னிடம் சொன்னார்: “மாமனாரை நடுவழியில விட்டிட்டுப் போன மருமகன்மாரைக் கண்டிருக்கிறன் தம்பி. அவருக்குப் பதிலா வேற ஒருத்தரை ஏத்திக்கொண்டு போன மருமகனை இண்டைக்குத்தான் காணுறன்.” சாவடி முழுவதும் சிரித்தது. சுனிலும் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

மிச்ச வழியை அவர் ஓட்டோவில் வந்தார். நான் பின்னால் ஊர்ந்து வந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவாமி அறைக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். அம்மாவின் மரக்கறிச் சமையலை இரண்டு தரம் கேட்டுச் சாப்பிட்டார். கை கழுவியதும் அப்பா தயங்கித் தயங்கி, “அப்ப… பிள்ளையளின்ர விசயம்?” என்றார்.

“தவக்காலம் முடியட்டும்” என்றார் அங்கிள்.

இது மறுப்பென்று நினைத்து அம்மா அடுப்படிக்குள் போய் அழுதார். தவக்காலத்தில் தேவாலயத்தில் கலியாணம் வைப்பதில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று ஸ்டெலா தொலைபேசியில் விளக்கிய பிறகே கண்ணைத் துடைத்தார்.

உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், முடிந்த மூன்றாம் கிழமை எங்களுக்குக் கலியாணம். சுனில் மனைவியோடு வந்திருந்தார், பஸ்ஸில். அன்று தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் பின்னால் யார் ஏறினாலும் பெயர் சொல்லித்தான் ஏறுவார்கள். “ஸ்டெலா ஏறிட்டன்” என்பாள் ஸ்டெலா. மகள் தன் அடையாள அட்டையையும் நீட்டிக் காட்டுவாள். இதை நான் பகிடியாக எடுத்துக்கொள்வதா, அவமானமாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒன்று மட்டும் எனக்குள் பெருமையாக இருந்துகொண்டே வந்தது. சம்மதம் சொல்வதற்கு முன்பே, அத்தனை சிப்பாய்களுக்கு நடுவில், அந்த மனிதர் என்னை மருமகன் என்று சொன்னாரே! போன வருடம் அவருடைய பிறந்தநாளன்று, கேக் வெட்டி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

“மாமா, அண்டைக்கு அந்தச் சார்ஜன் முறை கேட்க, மருமகன் எண்டு சொன்னீங்களே. அப்பவே என்னைப் பிடிச்சுப் போச்சோ?”

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

“மடையன் எண்டு எழுத அவங்கட புத்தகத்தில இடம் இருக்கல்ல.”