சிக்னல் சாமியின் மௌனவிரதம்

கோவில்பட்டி மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சிக்னல் வந்த மாதமே சிக்னல் சாமியும் வந்துவிட்டார். சிக்னலை வைத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். சாமி போகவில்லை.

நல்ல சிக்னல்தான். இன்னும் எத்தனை விநாடி என்று எண்ணிக்கூடக் காட்டும். யாருக்கு? லாரிக்காரனுக்கு. நடக்கிற சனத்துக்கு அதன் முதுகுதான் தெரியும். அந்த முதுகுக்குக் கீழே காவி வேட்டியோடு உட்கார்ந்தார் சிக்னல் சாமியான குருசாமி. கம்பத்தில் தெய்வம் இருக்கிறது என்றார். எலுமிச்சம்பழத்தைத் தூக்கி "நில்லு" என்பார். உடனே சிவப்பு விழும், லாரி நிற்கும், சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கடக்கும். காணிக்கை போடாதவன் காலை எமன் பிடிப்பானாம். எமனுக்கு வேறு சோலி இல்லை பாருங்கள்.

வெயிலுகந்தம்மாளுக்கு முழங்காலில் வீக்கம். வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸோ ரோட்டுக்கு அந்தப் பக்கம். சங்கு ஊதிய பிறகு போனால் அன்றைய வேலை கிடையாது. ஓட முடியாத காலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? வயிறெரிந்தபடியே தினமும் உண்டியலில் போட்டாள்.

புதன்கிழமைதோறும் சாமிக்கு மௌனவிரதம். அன்றைக்கு சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். அப்படி ஒரு புதன்கிழமை பயந்து நின்றவள் எதிர்த் தெருமுக்கைப் பார்த்தாள். அங்கிருந்த ஜவுளிக்கடைக்கும் அன்று லீவு, ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மறுநாள் ஷட்டர் ஏறியதும் கடையின் கண்ணாடிக் கதவில் சிக்னலின் முகம், எண்ணுகிற விநாடியோடு தெரிந்தது. பழம் சாமியின் கையில் இருந்தது, கண் கண்ணாடியில் இருந்தது.

வெயிலுகந்தம்மாள் சாமிக்கு நேர் முன்னால் போய்க் குடையை விரித்தாள்.

"ஏட்டி, தள்ளி நில்லு. தெய்வத்தை மறைக்காத."

"தெய்வம் கம்பத்துல இருக்குன்னுல்லா சொன்னிய? கம்பம் உங்க தலைக்கு மேல நிக்குது. நான் மறைக்குதது ஜவுளிக்கடையை. நீங்க சொல்லுங்க சாமி."

சனம் கூடிவிட்டது. சாமி எட்டிப் பார்த்தார், குடைதான் தெரிந்தது. குத்துமதிப்பாக "நில்லு" என்றார். மணல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பின்னாலேயே டவுன் பஸ்ஸும் போனது.

"லாரி நின்னுட்டுல்லா? நீங்க முன்னால இறங்குங்க சாமி, நாங்க பின்னாலயே வாரோம்" என்றாள்.

"இன்னைக்குத் தோஷம்" என்று சாமி உண்டியலைத் தூக்கினார்.

டீக்கடை சங்கரபாண்டியன் அதைப் பிடித்துக்கொண்டான். "தோஷம் உண்டியலுக்கும் தொத்திரும் அண்ணாச்சி. அது இங்கனயே கெடக்கட்டும்."

சாமி வெறுங்கையோடு நடையைக் கட்டினார். வெயிலுகந்தம்மாள் கண்ணாடியைப் பார்த்துச் சிவப்பில் இறங்கினாள். காணிக்கை போட்ட நாட்களைப் போலவே, நடுரோட்டைத் தாண்டுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. வண்டிகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறி ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி முடிந்து கேட்டும் சாத்தியிருந்தது.

மறுநாள் ஜவுளிக்கடைக் கண்ணாடியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் முந்தானையால் துடைத்தாள்.

"பொட்டு வச்சவிய எல்லாரும் வாங்க. சிக்னல் வச்சவிய வாசலுக்குப் போவோம். லாரிக்கு எண்ணத் தெரிஞ்ச கம்ப்யூட்டருக்கு என் நொண்டிக்காலுக்கு எண்ணத் தெரியாதான்னு கேப்போம்."

பாதிப் பேர் அவள் பின்னால் போனார்கள். மீதிப் பேர் சாமி எப்போது திரும்புவார் என்று விசாரித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். அவர்களுடைய மூளைக்கு ஏழு நாளும் மௌனவிரதம்.