அறை அறையாக நகர்ந்த புகை

சமையலறைப் புகையினால் பொதுமக்களுக்கு ஏற்படும் இன்னல்களைக் களைவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. நான் அங்கேதான் தபால் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். அடுப்புக்கு மேல் சிம்னியை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும், எப்போது போட வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று ஊருக்கெல்லாம் அறிவுரை அச்சடித்து அனுப்புவது எங்கள் பணி. எங்கள் கேன்டீனில் மட்டும் சிம்னி கிடையாது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அறிவுரை பொதுமக்களுக்கானது. நாங்கள் அலுவலர்கள்.

கேன்டீன் அக்காவுக்குத்தான் இருமல் இருந்தது. மீன் வறுக்கும் நாட்களில் முகத்தைத் திருப்பி இருமிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு துண்டு கூடுதலாக வைப்பார். அதனால் அவருடைய இருமலைப் பற்றி எங்களில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

அந்த ஆண்டுதான் புது விதி வந்தது. ஒப்பந்த ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. இருமல் உள்ளவர்கள் உணவைத் தொடக் கூடாது.

"டாக்டர் நெஞ்சுல குழாய் வைக்கிற நேரம் பார்த்து இருமிட்டேன்னா, அன்னைக்கே கரண்டியைக் கீழ வெச்சிட்டுப் போகணும் தம்பி," என்றார் அக்கா. "பொண்ணு படிப்பு இன்னும் முடியல."

கேன்டீனுக்கு ஒரு சிம்னி வேண்டும் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னோம். உடனே சம்மதித்துவிட்டார். இருமலுக்காக அல்ல.

"எதிர் ஆபீஸ் கேன்டீன்ல சிம்னி மாட்டியிருக்காங்களாம். கையை ஆட்டினா விளக்கு எரியுதாம். புகைக்குன்னே ஆபீஸ் நடத்துறவங்க நாம. நம்ம கௌரவம் என்ன ஆகுறது?"

சிம்னி வந்தது. கறுப்புக் கண்ணாடி, முகம் பார்க்கலாம். மாட்ட வந்தவர் அட்டைப்பெட்டியில் இருந்ததைப் படித்துச் சொன்னார்.

"குழாய் வெளிச்சுவர் வழியா நேரா வெளிய போகணும் சார்."

"வெளிச்சுவர் கட்டடப் பிரிவோடது," என்றார் மேலாளர். "துளை போடணும்னா அவங்க வரணும். அவங்க வரணும்னா நாம எழுதணும். எழுதினா ஏன்னு கேப்பாங்க."

"அப்போ?"

"இந்தப் பக்கம் பலகைத் தடுப்பு இருக்கே. அது மரச்சாமான்ல சேர்த்தி. யாரையும் கேக்க வேண்டாம்."

"அதுக்குப் பின்னால கணக்கர் உக்காந்திருக்காரே."

"அவர் எதையும் மறுத்துப் பேச மாட்டார்."

மாட்ட வந்தவர் தலையைச் சொறிந்தார். "எனக்கென்ன சார், சொன்ன இடத்துல மாட்டுறேன்."

ஜன்னல் திறந்திருந்தால் எந்த வழியாகப் போவதென்று புகைக்குக் குழப்பம் வரும் என்பதால், கேன்டீன் ஜன்னல் ஆணியடித்து மூடப்பட்டது. மேலாளர் கையை ஆட்டினார். விளக்கு எரிந்தது. கைதட்டினோம். அக்கா வெங்காயம் வதக்கினார், மீன் வறுத்தார், ஒரு தடவைகூட இருமவில்லை. அந்த வாரம் அவர் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன். அவருக்குப் பாட வரும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

கணக்கர் மறுத்துப் பேச வந்துவிட்டார்.

"சார், என் அறை முழுக்க மீன் புகை. கண்ணைத் திறக்க முடியல."

"உங்க அறையில அடுப்பு இருக்கா?"

"இல்லை சார்."

"மீன்?"

"இல்லை."

"பிறகு மீன் புகை எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

கணக்கர் யோசித்தார். யோசிக்க யோசிக்க இருமல் அதிகமாயிற்று. கடைசியில் அவர் மேஜைக்கு மேலும் ஒரு சிம்னி மாட்டப்பட்டது. அதன் குழாய் அடுத்த பலகைத் தடுப்பு வழியாகப் பண்டக அறைக்குப் போனது.

கணக்கர் தலைக்கு மேல் சிம்னி தொங்குவதைக் கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார். பண்டக அறைக்கு அடுத்த அறை அவருடையது. புகை இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

"எனக்குக் கீழ வேலை பாக்குறவருக்குச் சிம்னி, எனக்கு வெறும் ஃபேனா?"

"உங்களுக்குப் புகை வரலையே சார்," என்றார் மேலாளர்.

"வர ஏற்பாடு பண்ணுங்க."

பண்டக அறைக்கும் சிம்னி மாட்டி, புகையைக் கண்காணிப்பாளருக்கு முறைப்படி அனுப்பிவைத்தோம். அவருக்குப் பதவிக்கேற்ப அகலமான சிம்னி கிடைத்தது. எங்கள் அறிவுரைப்படி அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே இருக்க வேண்டிய உயரத்தை மேஜைக்கும் சிம்னிக்கும் இடையே வைத்ததால், எழுந்திருக்கும்போதெல்லாம் அவருக்குத் தலையில் இடித்தது. அலுவலர்களுக்குத் தலைக்கவசம் வழங்கப்பட்டது. சிம்னியை வேலை தொடங்கும் முன்பே போட வேண்டும், முடிந்த பிறகும் சற்று நேரம் ஓடவிட வேண்டும் என்பதும் எங்கள் அறிவுரைதான். ஆகவே சிம்னி சத்தத்தில் யார் என்ன பேசுகிறார் என்பது எவருக்கும் கேட்கவில்லை. கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன.

ஃபில்டரில் எண்ணெய் தேங்கினால் தீப்பிடிக்கும் என்பதால், அவரவர் ஃபில்டரை அவரவரே வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டோம். எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கழுவவில்லை. கோப்புகளின் மேல் எண்ணெய் சொட்டியது. எண்ணெய் சொட்டாத கோப்பை யாரும் திறக்கவே இல்லை என்று கண்டுபிடிக்க இதனால் வசதியாயிற்று.

கடைசியாகத் தபால் பிரிவுக்கும் ஒன்று வந்தது. சிறியதுதான். நானும் கையை ஆட்டிப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். சந்தோஷம் தணிந்த பிறகுதான் குழாயை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. அறைகள் முற்றத்தைச் சுற்றி வளையமாக இருக்கின்றன. எங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேன்டீன்.

மேலாளரிடம் சொன்னேன். "சார், சுத்தி வந்து அக்கா மேலயே விழும்."

"கேன்டீன்ல சிம்னி இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? அது இழுத்துக்கும்."

இழுத்துக்கொண்டது. கணக்கருக்கு அனுப்பியது. காலையில் வறுத்த மீனின் வாசனை சாயங்காலம் தேநீர் நேரத்துக்குத் திரும்பி வந்தது. அக்காவின் பாட்டு நின்றது. இருமல் முன்னைவிடப் பலமாக வந்தது. பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் வந்து ஆராய்ந்தார். "இது தபால் பிரிவுக் குழாய்ல இருந்து வருது. அதனால இது ஆபீஸ் புகை. ஒப்பந்த ஊழியர்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"என் நெஞ்சுக்கு அது தெரியலையே சார்," என்றார் அக்கா.

மறுநாள் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வேப்பமரத்தடியில் வைத்தார். காற்றுக்குத் தகரத்தை மறைப்பாக நிறுத்தினார். புகை மரத்துக்கு மேலே போய், அங்கிருந்து அதன் இஷ்டத்துக்குப் போனது. சமையலறைக்கு வெளியே சமைப்பது குறித்து எங்களிடம் அறிவுரை எதுவும் இல்லாததால் தடுக்கவும் வழியில்லை.

டாக்டர் வந்தார். அக்கா நெஞ்சில் குழாய் வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். "நல்லாருக்கீங்கம்மா," என்றார். பிறகு பக்கத்தில் தலைக்கவசத்தோடு இருமிக்கொண்டு நின்ற கணக்கரையும் கண்காணிப்பாளரையும் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேரும்தான் சமைக்கிறவங்களா?" என்று கேட்டார். நிரந்தர ஊழியர்களின் இருமலுக்கு அந்த விதி பொருந்தாது என்று மேலாளர் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் அவருக்கும் இருமல் வந்துவிட்டது.

சிம்னித் திட்டத்தால் கேன்டீனில் இருமல் முற்றிலும் ஒழிந்தது என்று அன்றே மேலிடத்துக்கு எழுதினோம். அது உண்மைதான்.

அதன்பின் எங்களுக்கும் அறைக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. முதலில் கணக்கர் மரத்தடிக்கு வந்தார். பிறகு கண்காணிப்பாளர், நாற்காலியோடு. கொஞ்ச நாளில் கோப்புகளும் வந்துவிட்டன. அக்கா மீண்டும் பாடினார். எங்கள் இருமல் குறைந்தது. அலுவலகத்தில் இவ்வளவு நிம்மதியாக நாங்கள் ஒருபோதும் இருந்ததில்லை.

"இவ்வளவு நல்ல இடம் வெயில்ல கிடக்குதே," என்றார் கணக்கர்.

"காத்துல காகிதம் பறக்குது. பக்கத்துல ஒரு மறைப்பு இருந்தா நல்லது," என்றார் கண்காணிப்பாளர்.

மழை வந்தால் அக்கா நனைவாரே என்று சொன்னது நான்தான். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

மேலாளர் எல்லோருடைய கருத்தையும் ஏற்றுக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தது அதுதான் முதல் முறை. கட்டடப் பிரிவுக்கு எழுதினோம். அவர்கள் ஏனென்றே கேட்கவில்லை. சுவர் எழுப்புவதென்றால் அவர்கள் உடனே வந்துவிடுவார்கள்.

மூன்று பக்கம் சுவர் எழுந்துவிட்டது. மேலே போட ஆஸ்பெஸ்டாஸ் வந்து இறங்கியிருக்கிறது. நேற்று சிம்னிக்காரர் வந்து அளவெடுத்தார். "குழாயை எங்க சார் விடட்டும்?" என்று கேட்டார். உள்ளே ஏற்கனவே காலியாக அறைகள் இருக்கின்றனவே என்றார் மேலாளர்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி தம்பி."

"எங்க அக்கா போறீங்க?"

"போற இடத்தை உங்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்க எல்லாரும் வந்துடுவீங்க."